டிக்கெட்டின் பின்பக்கம்

என் பர்ஸில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று இருக்கிறது. மதுரை மாட்டுத்தாவணியில் ஏறி காரைக்குடியில் இறங்கியதற்கான டிக்கெட். மெஷினில் அடித்த பக்கம் கிட்டத்தட்ட வெளுத்துவிட்டது. தேதி தெரியவில்லை, வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. திருப்பிப் பார்த்தால் நீலப் பேனாவில் 425 என்று எழுதியிருக்கும். அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. எண்ணை எழுதியவரும் கோடு போட்டவரும் ஒரே ஆள்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவில் முழுதாக ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாள் என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஐப்பசியில் நடந்தது, தை பிறந்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அம்மாவின் ஐயாயிரம் ரூபாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் இந்த 425 எனக்கு ஒரு பொருட்டாகவே பட்டிருக்காது.

அம்மாவுக்கு 74 வயது. கோட்டையூரில் தனியாக இருக்கிறார். எனக்கு மதுரையில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிவிடுவேன். ஏடிஎம்முக்கு அம்மா யாரையும் துணைக்குக் கூப்பிடுவதில்லை. ரகசிய எண்ணை என்னிடம்கூடச் சொன்னதில்லை. தீபாவளிச் செலவுக்காக ஒரு செவ்வாய்க்கிழமை காரைக்குடிக்கு வந்து, செக்காலை ரோட்டில் ஓர் ஏடிஎம்மில் ஐயாயிரம் கேட்டிருக்கிறார். உள்ளே நோட்டு எண்ணுகிற சத்தம் கேட்டிருக்கிறது. பணம் வருகிற வாய் மட்டும் திறக்கவில்லை. திரையில் ஏதோ வந்து மறைந்தது, ஒரு சீட்டு வந்தது, செல்போனில் 5,000 ரூபாய் கழிக்கப்பட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. அம்மா அங்கேயே பத்து நிமிடம் நின்றிருக்கிறார். நகர்ந்த பிறகு பணம் வெளியே வந்து வேறு யாராவது எடுத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அடுத்து ஒருவர் உள்ளே வந்து, பணம் வராமல் திரும்பிப் போன பிறகுதான் அம்மாவும் வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்னால் எல்லாவற்றையும் எழுதி வைத்தது. கிழமை, மணி 11.20, ஏடிஎம் இருந்த இடம், கேட்ட தொகை, சீட்டில் இருந்த எண். அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார். குரலில் பதற்றம் இருந்தது, ஆனால் ஒரு விவரம்கூட விடுபடவில்லை.

திரையில் வருவதைப் படிக்கிறவர்கள்

கார்டு ஒரு வங்கியுடையது, ஏடிஎம் இன்னொரு வங்கியுடையது. இந்த ஒரு விஷயமே போதும், அலையவிடுவதற்கு. ஏடிஎம் வைத்திருக்கிற வங்கிக்குப் போனால் "உங்க கார்டு எந்த பேங்க்கோ அங்க சொல்லுங்க ஆச்சி" என்றார்கள். அது சரியான பதில்தான், விதியும் அப்படித்தான். கார்டு கொடுத்த வங்கியின் கிளைக்குப் போனால் "நாங்க இங்க ஒண்ணும் பண்ண முடியாது ஆச்சி, கஸ்டமர் கேர்ல கம்ப்ளைண்ட் குடுங்க, மேலிடத்துல பார்ப்பாங்க" என்றார்கள். ஆச்சி என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். கணக்கில் குறைந்த ஐயாயிரத்தைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை.

சரி என்று நான் போன் பிடித்தேன். தமிழுக்கு ஓர் எண், கார்டுக்கு ஓர் எண், புகாருக்கு ஓர் எண், அப்புறம் பாட்டு. மூன்று வாரத்தில் ஏழு முறை பேசினேன், ஏழு முறையும் வேறு வேறு குரல். ஒவ்வொரு குரலிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சிரமத்திற்கு வருந்துகிறோம் என்பார்கள், புகார் எண் சொல்வார்கள், நடவடிக்கையில் உள்ளது என்பார்கள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு முடிப்பார்கள். யாரும் எரிந்து விழவில்லை. ஆறாவது முறை எடுத்தது ஒரு பெண். பேச்சில் நெல்லைப் பக்கத்து வாடை இருந்தது. நான் அவரிடம் சத்தம் போடவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அம்மா, இதை யார் முடிவு பண்ணுவாங்க? அவங்ககிட்ட நீங்களாவது பேச முடியுமா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்களுக்கு ஸ்கிரீன்ல வர்றதைத்தான் சார் படிக்க முடியும். அதுக்கு மேல யாருன்னு எங்களுக்கே தெரியாது." அதன் பிறகு, எழுதிக் கொடுத்ததைத் தாண்டி அவர் ஒரு காரியம் செய்தார். கிளையில் எழுத்தில் மனு கொடுத்து, அதன் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு சார், அப்படித்தான் வந்துச்சு" என்றார். ஏழு அழைப்புகளில் எனக்கு உதவிய ஒரே சொல் அதுதான்.

அந்தப் பணம் காணாமல் போன பணமே இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. ஏடிஎம்மில் நாம் தொகையைக் கேட்டதும் முதலில் கணக்கில் கழித்துவிட்டு அனுமதி வருகிறது. அதற்குப் பிறகுதான் பெட்டிகளிலிருந்து நோட்டுகள் எடுத்து எண்ணப்பட்டு வாய்க்கு வருகின்றன. நடுவில் சிக்கிக்கொண்டால் அந்த நோட்டுகள் உள்ளேயே தனியாக இருக்கிற ஒதுக்குப் பெட்டியில் விழுந்துவிடும். எந்த நொடியில் என்ன நடந்தது என்று இயந்திரம் தனக்குள்ளே பதிவும் செய்துகொள்கிறது. பணம் நிரப்ப வருகிறவர்கள் இருப்பை எண்ணினால், கணக்கைவிட ஐயாயிரம் கூடுதலாக இருக்கும். ஆக, ஒரு வங்கியின் பெட்டியில் ஐயாயிரம் அதிகம், இன்னொரு வங்கியில் அம்மாவின் கணக்கில் ஐயாயிரம் குறைவு. இரண்டு வங்கிக்கும் நடுவில் ஏடிஎம் இணைப்பை நடத்துவது தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், அவர்களிடமும் பதிவு இருக்கிறது. மூன்று இடத்திலும் உண்மை எழுதப்பட்டிருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கை வேண்டியிருந்தது.

விதியும் இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கையின்படி, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அன்றைய தேதியிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பி வைக்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டும். ஜிபே மாதிரி யுபிஐ வழியாகக் கடைக்கு அனுப்பி நடுவில் நின்றுபோன பணத்துக்கும் இதே ஐந்து நாள், இதே நூறு ரூபாய். ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் ஒரே நாள்தான் கெடு. நல்ல விதி. எழுதியவர்கள் சாதாரண ஜனங்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் பேசிய ஏழு பேரில் ஒருவர் வாயிலும் இது வரவில்லை.

425

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். அம்மாவின் பணம் போய் இரண்டாவது வாரம், சனிக்கிழமை. மாட்டுத்தாவணியில் ஏறினேன். கையில் 500 ரூபாய்த் தாள்தான் இருந்தது. சில பஸ்களில் இப்போது செல்போனிலேயே டிக்கெட்டுக்குப் பணம் கட்ட முடிகிறது, சில்லறைத் தகராறு ஒழிந்தது என்று அதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். இந்த வண்டியில் அது இல்லை. கண்டக்டர் 75 ரூபாய்க்கு டிக்கெட் அடித்து, பின்னால் 425 என்று எழுதி, "இறங்கும்போது வாங்கிக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். தமிழ்நாட்டில் பஸ் ஏறியவர்கள் எல்லோருக்கும் பழக்கமான விஷயம். திருப்பத்தூர் தாண்டியதும் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பிள்ளையார்பட்டி விலக்கு வரும்போது பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. காரைக்குடி புதிய பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியபோது குரல் எடுத்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே இறங்கி, புகார் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே கோட்டையூர் வண்டியில் ஏறிவிட்டேன். வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் டிக்கெட் கண்ணில் பட்டது.

போனது போனதுதான் என்றுதான் நினைத்தேன். அம்மா விடவில்லை. "எழுதிக் கொடுத்திருக்காருல்ல, போய்க் கேளு" என்றார். மறுநாள் மாலை மதுரைக்குக் கிளம்பும்போது கொஞ்சம் முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பர் அறையில் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் முன்பக்கத்தைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து வண்டி எண்ணையும் நேரத்தையும் பார்த்தார். எதிரே இருந்த நோட்டில் விரலை ஓட்டினார். "அதே ஆள்தான் இன்னைக்கும் டூட்டி. நாலே முக்காலுக்கு உள்ள வருவாரு, அந்தத் தூண்கிட்ட நில்லுங்க" என்றார். இவ்வளவுதான் அவர் செய்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. கண்டக்டர் இறங்கியதும் டிக்கெட்டை நீட்டினேன். என்ன, எப்போது என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் அதை வாங்கி, முன்பக்கம் பார்க்காமல் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார். அந்த 425ஐ ஒரு நொடி பார்த்தார். "இது என் எழுத்துதாண்ணே" என்றார். பையைத் திறந்து, மற்றப் பணத்தோடு சேராமல் ரப்பர் போட்டு மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்தார். இரண்டு இருநூறு, ஒரு இருபது, ஒரு ஐந்து ரூபாய் நாணயம். "நேத்து ராத்திரி கணக்குப் பார்க்கையில 425 கூடுச்சு. குறைஞ்சாக்கூடக் கையிலேர்ந்து போட்டுட்டுத் தூங்கிருவேன், கூடினா யாரோ ஒருத்தர் விட்டுட்டுப் போயிட்டார்னுதானே அர்த்தம். எப்படியும் டிக்கெட்டோட வருவீங்கன்னு தெரியும்" என்றார். காதில் இருந்த பேனாவை எடுத்து, எண்ணின் மேல் கோடு போட்டார். டிக்கெட்டை நானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தார், கொடுத்தார். அதே வண்டியில்தான் மதுரைக்குத் திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அவர் என்னை நம்பினார் என்று சொல்ல மாட்டேன், என்னை அவருக்குத் தெரியாது. முகம்கூட நினைவில்லை என்று வழியில் அவரே சொன்னார். அவர் நம்பியது தன் எழுத்தை. இரவு பெட்டியில் கூடியது 425, டிக்கெட்டில் இருப்பதும் 425, எழுத்தும் தன்னுடையது. ஒப்பிட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது, கொடுத்தார். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பிடுகிற வேலையும் கொடுக்கிற உரிமையும் ஒரே ஆளிடம் இருந்தன. செக்காலை ரோட்டு ஏடிஎம்மிலும் அந்த இரவு இதேபோலத்தான் ஒரு தொகை கூடியிருக்கும். அதைப் பார்த்தவருக்கு அது யார் பணம் என்று தெரியாது, அம்மாவோடு பேசியவர்களுக்கு அது எங்கே கூடியது என்று தெரியாது.

பெட்டியடி

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, 14 வயதில் ரங்கூனுக்குப் போனவர். எங்கள் ஊர்ப்பக்கத்து முதலாளி ஒருவரின் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் வேலை. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருவதையும் போவதையும் எண்ணி, இரவில் கையிருப்பைக் குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும். அங்கிருந்து படிப்படியாக அடுத்தாள், பிறகு கடையையே நடத்தும் மேலாள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே கிளம்பி ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அப்பச்சி, அதாவது என் அப்பா, சொல்லி நான் கேட்டது ஒன்று உண்டு: பெட்டியில் பணம் குறைந்தால் மேலாள் திட்டுவாராம், கூடினால் எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவாராம். குறைந்தால் நம் நஷ்டம், கூடினால் யாரோ ஒருத்தருடைய நஷ்டம் நம் வீட்டில் தூங்குகிறது என்பாராம். கண்டக்டர் சொன்னபோது எனக்கு இது ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

அந்த வட்டித் தொழிலில் எல்லாம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. 1930களில் நெல் விலை சரிந்தபோது கடனை அடைக்க முடியாமல் பர்மிய விவசாயிகள் எத்தனையோ பேர் நிலம் இழந்தார்கள், அந்த வலியும் நம் கணக்கில் சேர்ந்ததுதான். நான் யோசிப்பது அதிகாரத்தைப் பற்றி மட்டும். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார், கடை கடலுக்கு அந்தப் பக்கம். கப்பலில் கடிதம் போய் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். கடைக்கு வந்து நிற்கிறவனிடம் ஊரில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல முடியாது. அதனால் மூன்று வருடக் கணக்குக்கு அனுப்பும் ஆளோடு முடிவெடுக்கும் உரிமையையும் பத்திரம் எழுதி அனுப்பினார்கள். கொடுக்கலாமா, தள்ளிக் கொடுக்கலாமா என்று அவரே தீர்மானிப்பார். தப்பானால் மூன்று வருடம் கழித்துக் கணக்கு ஒப்படைக்கும்போது அவரே பதில் சொல்வார். தூரம் அதிகமாக இருந்ததால்தான் அதிகாரம் ஆளுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று காரைக்குடிக் கிளையிலிருந்து மும்பைக்குத் தகவல் போக ஒரு நொடி. எல்லாமே மேலிடத்துக்கு உடனே தெரியும் என்பதால் எதையுமே கீழே தீர்மானிக்க வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டோம். வேகம் கூடக் கூட, வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கை வெறுங்கையாகிவிட்டது.

வங்கி என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் தொடங்கியது. தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். (அம்மாவின் விவகாரத்தில் வந்த இரண்டு வங்கிகளும் வேறு.) கடன் கொடுப்பதும் வாங்குவதும் கணக்கு ஒப்பிடுவதும் அன்றாடப் பேச்சாக இருந்த ஊர் இது. இங்கே ஒரு பெண்மணி ஐயாயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்டு, நாற்காலியும் தண்ணீரும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார் என்பது எனக்கு ஆறவே இல்லை. பத்து விதமான மன்னிப்பு வேண்டாம். கிளையில் இருக்கிற ஒருவருக்கு, பத்தாயிரம் ரூபாய் வரைக்குமாவது, பதிவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி வைக்கிற உரிமை வேண்டும். தப்பாகக் கொடுத்துவிட்டால் அவர் பதில் சொல்லட்டும். அப்படி ஓர் ஆளின் பெயர் பலகையில் இருந்தால், நான் கஸ்டமர் கேர் பாட்டை ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டேன்.

நகல்

கண்டக்டரைப் பார்த்த மறுநாள் லீவு போட்டுவிட்டு மதுரையிலிருந்து திரும்ப வந்தேன். அந்த நெல்லைப் பெண் சொன்னபடி மனு எழுதினேன். 2019 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் எழுதினேன். 14448க்குப் போன் செய்தால் அதற்கு வழி சொல்வார்கள். கிளையில் ஏடிஎம் சீட்டைக் கேட்டார்கள். அம்மா எடுத்துக் கொடுத்தார், பாதி வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. பஸ் டிக்கெட்டும் இதுவும் ஒரே வகைத் தாள்தானே, சூட்டில் பதிகிற எழுத்து நாளானால் நிற்பதில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் மஞ்சள் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து மேசையில் வைத்தார். மணி, இடம், தொகை, எண், எல்லாம் பென்சிலில் தெளிவாக இருந்தன. அந்த அலுவலர் அதை இரண்டு முறை படித்தார். நாங்கள் கேட்காமலே மனுவின் நகலில் தேதி போட்டு, முத்திரை வைத்து, கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். "இதை நானே ஃபாலோ பண்றேன் ஆச்சி" என்றார். அந்த வங்கியில் முதல் முறையாக ஒருவர் 'நான்' என்று சொன்னார்.

பணம் போன 24ஆம் நாள் ஐயாயிரம் கணக்கில் ஏறியது. ஐந்து நாள் கெடு போக 19 நாள், 1,900 ரூபாய். அது தானாக வரவில்லை. இன்னொரு மனு எழுதி, அதே அலுவலரிடம் கொடுத்து, மார்கழியில் வந்தது. அம்மா பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வந்து இரண்டு வரிக்கும் பென்சிலால் டிக் போட்டார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "அந்தத் திருநெல்வேலிப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா? பாவம், அவ சொல்லித்தானே வந்துச்சு."

அன்று மாலை போன் போட்டேன். தமிழுக்கு ஓர் எண், புகாருக்கு ஓர் எண், பாட்டு. ஒரு பையன் எடுத்தான். பணம் வந்துவிட்டது, உதவி செய்த பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும், இன்ன தேதி இன்ன நேரத்தில் பேசினேன் என்றேன். தேடிப் பார்த்தான். யார் பேசினார்கள் என்பது தங்களுக்குத் தெரியாது, அப்படி மாற்றிக் கொடுக்கவும் வழி இல்லை சார் என்றான். உங்கள் புகார் முடிக்கப்பட்டதாகக் காட்டுகிறது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். அம்மா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டார்களா என்று கையால் கேட்டார்.